வெள்ளத்துக்கு முன்னால் செலவழிப்பது ஏன் லாபம்?

வேளச்சேரி, மடிப்பாக்கம் என்று சென்னையின் தாழ்வான பகுதிகளில் ஒரு வேலை இப்போது சர்வசாதாரணமாக நடக்கிறது. வீட்டைத் தூக்கும் வேலை. சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி, அடியில் இரும்புச் சட்டங்களைச் செருகி, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். மொத்த வீடும் இரண்டடி, மூன்றடி மேலே வந்ததும் அடியில் செங்கல் வைத்துக் கட்டி நிறுத்துவார்கள். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது, ஐப்பசி கார்த்திகை வந்தால் ஹாலில் தண்ணீர் நிற்கிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் லட்சக்கணக்கில் கடன் வாங்கி இதைச் செய்கிறார்.

அவர் செய்வதற்குப் பொருளாதாரப் புத்தகங்களில் காலநிலைத் தகவமைப்பு என்று பெயர். நிலக்கரிப் புகையையும் பெட்ரோல் புகையையும் குறைத்து பூமி மேலும் சூடாகாமல் தடுப்பது ஒரு வேலை. ஏற்கெனவே மாறிவிட்ட மழையையும் வெயிலையும் கடல்மட்டத்தையும் தாங்கிப் பிழைக்க ஊரையும் வயலையும் தயார்செய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவதுதான் தகவமைப்பு. நம் பக்கத்தில் அதில் பெரும்பகுதி தண்ணீர் சம்பந்தப்பட்டது. கொட்டித் தீர்க்கும் தண்ணீரை எங்கே அனுப்புவது, மழை பொய்த்த வருடத்தில் எதை வைத்து ஓட்டுவது என்பதுதான் பிரச்சினை.

இந்தப் பேச்சை எடுத்தாலே "அதுக்கெல்லாம் பணம் எங்கே இருக்கு?" என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரோடு எல்லாம் காத்திருக்கும்போது, வருமா வராதா என்றே தெரியாத வெள்ளத்துக்கு ஏன் கோடிகளை ஒதுக்க வேண்டும்?

என் பதில் இதுதான்: அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டைத் தூக்க, போர்வெல்லை இன்னும் நூறடி இறக்க, டேங்கர் லாரி வரவழைக்க, தண்ணீரில் ஊறிப்போன பீரோவையும் ஃபிரிட்ஜையும் மாற்ற, வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியை இழக்க. எந்த பட்ஜெட் புத்தகத்திலும் வராததால் இது செலவாகவே தெரிவதில்லை. போதாக்குறைக்கு, தனித்தனியாகச் செய்யும் செலவு பல நேரம் அடுத்தவரைப் பாதிக்கிறது. ஒருவர் வீட்டை உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஒருவர் போரை ஆழப்படுத்தினால் பக்கத்து போர் வற்றும். தெரு முழுக்கச் சேர்ந்து ஒரு வடிகாலைச் சரிசெய்தால் எல்லோருக்கும் பயன்.

கணக்கு எப்படிப் போடுகிறார்கள்?

ஒரு கற்பனைக் காலனியை எடுத்துக்கொள்வோம். 200 வீடுகள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் புகுகிறது, வீட்டுக்கு 1 லட்சம் ரூபாய் நஷ்டம். அப்படியானால் ஒரு வெள்ளத்தில் 2 கோடி போகிறது. பத்து வருடத்துக்கும் பிரித்துப் போட்டால் வருடத்துக்கு 20 லட்சம். வெள்ளமே வராத வருடத்திலும் இந்த 20 லட்சம் அந்தக் காலனியின் தலையில் தொங்கும் சராசரி நஷ்டம்தான்.

பக்கத்து ஏரியின் உபரிநீர் வெளியேறும் போக்குக்கால்வாயைத் தூர் வாரி, ஆக்கிரமிப்பை எடுத்து, சிறு பாலத்தை அகலப்படுத்த 80 லட்சம் ஆகிறது என்று வைப்போம். பராமரிப்புக்கு வருடம் 4 லட்சம். இதனால் நஷ்டத்தில் முக்கால்வாசி தப்பினால் வருடத்துக்கு 15 லட்சம் மிச்சம், பராமரிப்பு போக 11 லட்சம். ஏழு வருடம் சொச்சத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம்.

இப்போது காலநிலை மாற்றத்தை உள்ளே கொண்டுவாருங்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த மழை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்குகிறது. சராசரி நஷ்டம் வருடத்துக்கு 40 லட்சமாகிறது, அதே கால்வாய் மிச்சப்படுத்துவது 30 லட்சமாகிறது. பராமரிப்பு போக 26 லட்சம். ஏறக்குறைய மூன்று வருடத்திலேயே முதல் திரும்பிவிடுகிறது. ஆபத்து கூடக்கூட முன்னேற்பாட்டின் லாபமும் கூடுகிறது. தகவமைப்புக்கான பொருளாதார வாதத்தின் மையம் இதுதான், மற்றதெல்லாம் இதன் விரிவு.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு, பெரிய சண்டைகள் நடப்பதும் அங்கேதான். இருபது வருடம் கழித்துக் கிடைக்கும் 1 லட்ச ரூபாய்க்கு இன்றைக்கு என்ன மதிப்பு? வருடத்துக்கு 8 சதவீதம் கழித்தால் சுமார் 21,500 ரூபாய். 4 சதவீதம் கழித்தால் சுமார் 45,600 ரூபாய். ஒரே கால்வாய், ஒரே வெள்ளம். சதவீதத்தை மாற்றினால் திட்டம் லாபமாகவும் தெரியும், நஷ்டமாகவும் தெரியும். உயர்ந்த சதவீதத்தைப் போடுகிறவர், நம் பிள்ளைகள் சந்திக்கப்போகும் வெள்ளம் இன்றைக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று முடிவெடுத்துவிட்டார் என்று பொருள். அதைக் கணிதம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

உலக அளவில் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டது, பான் கி மூன் தலைமையேற்றவர்களில் ஒருவராக இருந்த தகவமைப்புக்கான உலக ஆணையம். 2019ல் வந்த அதன் அறிக்கை, முன்னெச்சரிக்கை, கட்டுமானம், மானாவாரி விவசாயம், அலையாத்திக் காடுகள், நீர்வளம் ஆகிய ஐந்து துறைகளில் 2020 முதல் 2030 வரை 1.8 லட்சம் கோடி டாலர் போட்டால் 7.1 லட்சம் கோடி டாலர் அளவுக்கு நிகரப் பலன் வரும் என்று மதிப்பிட்டது. புயலோ வெப்ப அலையோ வரப்போகிறது என்று 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னாலே சேதத்தில் 30 சதவீதம் குறையும் என்கிறது அதே அறிக்கை.

முன்னெச்சரிக்கை என்ன செய்யும் என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 1999ல் வந்த சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013ல் ஃபைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. வீடுகளும் பயிர்களும் போயின, ஆனால் மனிதர்கள் மிஞ்சினார்கள். இடையில் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் பலவும் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இயங்குகின்றன. புயல் வராவிட்டாலும் அந்தப் பணம் வீணாகவில்லை. இதை மூன்று வகைப் பலன் என்பார்கள்: தப்பிய நஷ்டம் ஒன்று, ஆபத்து வராவிட்டாலும் தினசரி கிடைக்கும் வருமானம் ஒன்று, சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் வரும் நன்மை ஒன்று.

மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் ஏறி நின்றால் போதும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பல இடங்களில் இவை தனித்தனிக் குளங்கள் அல்ல. மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்கு வரும், அதன் உபரி அடுத்ததற்குப் போகும். நடுவில் ஒரு வரத்துக்கால்வாயை மண் போட்டு மூடிவிட்டால் கீழ் ஏரி காயும், மேலே இருக்கும் தெரு மூழ்கும். வெள்ளமும் வறட்சியும் இரண்டு பிரச்சினை என்று நாம் நினைக்கிறோம். அந்த அடைபட்ட கால்வாய்க்கு முன்னால் நின்று பார்த்தால் ஒரே பிரச்சினைதான். அதைத் திறந்துவிட்டால் மழைக்காலத்தில் சேதம் குறையும், கோடையில் சுற்றுவட்டக் கிணறுகளில் நீர் ஊறும். தூர் வாரிய வண்டலை விவசாயிகள் நிலத்தில் அடிப்பார்கள், மண்பாண்டத் தொழிலாளர்கள் எடுத்துப்போவார்கள். அரசே அதற்கு இலவச அனுமதி கொடுக்கிறது.

நான்கு வருட இடைவெளியில் இரண்டு பாடம்

சென்னைக்கு வருடத்தில் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. லண்டனில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதிலும் சில நாட்களில் கொட்டிவிடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைக்க இடம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் ஊரின் விதி.

2015 நவம்பரில் மட்டும் சென்னையில் ஒரு மீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. வழியில் இருந்த எத்தனையோ ஏரிகளின் உபரியும் அடையாற்றில் சேர்ந்தது. சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் மொத்தப் பொருளாதார நஷ்டத்தை 220 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அன்றைய மதிப்பில் 14,000 கோடி ரூபாய்க்கு மேல். காப்பீடு ஈடுகட்டியது அதில் ஒரு பங்குதான். மிச்சத்தைக் கடைக்காரரும் குடும்பங்களும் சிறுதொழில் செய்தவர்களும் சுமந்தார்கள். 2018ல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் உண்டான பேரழிவு என்றே குறிப்பிட்டது.

அதே நகரம் 2019 ஜூனில் வறண்டு நின்றது. குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய காலி. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த குடிநீர் வாரியம் 52.5 கோடியாகக் குறைத்தது. தனியார் லாரித் தண்ணீரின் விலை இரண்டு மூன்று மடங்கானது. சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின, சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலைசெய்யச் சொன்னன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்தது, 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து, 25 லட்சம் லிட்டரோடு.

இந்த ரயில் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர், ஆறு மாதத்துக்கு என்று 65 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பிரித்துப் பார்த்தால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 360 ரூபாய். அவ்வளவு கொடுத்தும் வழக்கமான விநியோகத்தில் நூற்றில் ஒரு பங்கு சொச்சம்தான் கிடைக்கும். ரயிலை விட்டது தவறு என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் எந்த விலையும் கொடுக்கத்தான் வேண்டும். அவசரத்தில் வாங்கும் தண்ணீர்தான் உலகிலேயே விலை உயர்ந்த தண்ணீர், அந்த அவசரத்துக்கு நம்மைத் தள்ளியது முந்தைய வருடங்களின் அலட்சியம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கணக்கு. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். வருடத்துக்கு 140 சென்டிமீட்டர் என்றால் 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக 1 லட்சம் லிட்டரை நிலத்துக்குள் இறக்கினாலும், 12,000 லிட்டர் லாரி எட்டு லாரித் தண்ணீர் ஆயிற்று. 2003ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிலத்தடி நீர் பல பகுதிகளில் உயர்ந்தது. அப்புறம் குழிகள் தூர்ந்தன, குழாய்கள் உடைந்தன. கூழாங்கல்லும் மணலும் போட்ட குழியை வருடம் ஒருமுறை, மழைக்கு முன் கிளறிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு ஒரு லாரித் தண்ணீர் விலைகூட இல்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் வந்துவிட்டன. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கட்டினார்கள். நாளுக்கு 40 கோடி லிட்டர் தருவதற்காகத் திட்டமிட்ட பேரூர் ஆலைக்குத் திட்ட மதிப்பு 4,276 கோடி ரூபாய். மழையை நம்பாத தண்ணீர் என்பது அதன் பெரிய பலம். ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் தின்னும். வானத்திலிருந்து சும்மா விழும் தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்துத் திரும்ப எடுப்பதை முதல் வழியாக வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசிக் காப்பாக இருக்கட்டும்.

கேப் டவுன் வெட்டிய மரங்கள்

எது மலிவான தண்ணீர் என்று ஒழுங்காக உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். மூன்று வருட வறட்சிக்குப் பிறகு 2018ல் குழாய்களை மூடும் நாளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு. 2015ல் நாளுக்கு 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம் 50 கோடியை ஒட்டி இறங்கியது. அந்த நாள் வராமல் தப்பினார்கள்.

அப்புறம்தான் சுவாரசியமான விஷயம் நடந்தது. புதிய தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தேடியபோது, அணைகளுக்கு மேலே இருக்கும் மலைகளைப் பார்த்தார்கள். அங்கே இயற்கையாக வளர்வது ஃபின்போஸ் எனப்படும் குட்டையான புதர். வெளிநாட்டிலிருந்து வந்த பைன், சீகை வகை மரங்கள், யூகலிப்டஸ் ஆகியவை அதை மூடிப் பரவி, புதர் குடிப்பதைவிட அதிகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. நம் நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளைக்காரர்கள் நட்டுவிட்டுப் போன அதே ஆஸ்திரேலியச் சீகையும் யூகலிப்டசும்தான். 2018ல் வந்த ஓர் ஆய்வு, 37.2 கோடி ராண்ட் செலவழித்து இவற்றை அகற்றினால் ஆறு வருடத்தில், வருடத்துக்கு 5,500 கோடி லிட்டர் கூடுதலாக அணைகளுக்கு வரும் என்று கணக்கிட்டது. நகரத்தின் இரண்டு மாதத் தேவை. மற்ற வழிகளில் அதே தண்ணீரைப் பெற ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு. இன்றைக்கு இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்தான பாறைகளில் இறங்கி மரம் வெட்டும் குழுக்கள் அந்த மலைகளில் வேலைசெய்கின்றன. உள்ளூரில் வேலையில்லாதவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அதுவே வருமானம்.

வயலில் கதை வேறு

ஊர் என்றால் குழாயும் வடிகாலும். ஆனால் இந்தியாவில் எடுக்கும் தண்ணீரில் பெரும்பகுதி வயலுக்குத்தான் போகிறது, நிலத்தடி நீரை உலகிலேயே அதிகமாக எடுக்கும் நாடும் நாம்தான். அதனால் விவசாயத்தில் சிறு சேமிப்பும் பெரிய சேமிப்பு.

நெல்லுக்கு எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் போதும் என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் எளிய கருவி கொடுத்தது. ஓரடி நீள பி.வி.சி. குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு வயலில் புதைத்துவிட வேண்டும். உள்ளே எட்டிப்பார்த்தால் மண்ணுக்குள் நீர்மட்டம் தெரியும். அது 15 சென்டிமீட்டர் கீழே போனதும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும், வயலிலிருந்து வரும் மீத்தேனும் குறையும்.

சரி, இவ்வளவு மலிவான வழியை ஏன் எல்லோரும் பின்பற்றவில்லை? டீசல் போட்டு இறைப்பவருக்குத் தண்ணீர் மிச்சம் என்றால் பணம் மிச்சம். மின்சாரம் இலவசமாக இருக்கும் இடத்தில் மிச்சம்பிடிக்கும் தண்ணீரால் அவர் கைக்கு ஒன்றும் வராது. சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே சிக்கல். பல நாடுகளில் சொட்டுநீர் வந்தபிறகு மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் கூடுதலாகப் பயிர் வைத்தார்கள். விவசாயிக்கு வருமானம் கூடியது, நிலத்தடி நீர் அப்படியே இறங்கியது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நாமாக இருந்தாலும் அதையே செய்வோம். பஞ்சாபில் 2018ல் ஒரு மாற்று வழியைத் தொடங்கினார்கள். இலவச மின்சாரத்தை நிறுத்தவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு வைத்து, அதற்குக் கீழே பயன்படுத்தினால் மிச்சமான யூனிட்டுக்கு 4 ரூபாய் வங்கிக் கணக்கில் போட்டார்கள். சேமிப்பின் பலன் சேமித்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். கருவியைக் கொடுப்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

யாருடைய நஷ்டம்?

இதுவரை சொன்ன கணக்குக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நஷ்டத்தை ரூபாயில் அளந்தால், பங்களா மூழ்கினால் 50 லட்சம், குடிசை மூழ்கினால் 50 ஆயிரம். அப்படியானால் பங்களாக்கள் இருக்கும் தெருவுக்கு வடிகால் போடுவதுதான் எப்போதும் "லாபம்" என்று விடை வரும்.

ஆனால் பங்களாக்காரருக்குக் காப்பீடும் சேமிப்பும் இருக்கும். தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு வெள்ளம் என்றால் பத்து நாள் கூலி போய்விடும். ரேஷன் கார்டும் பாத்திரமும் துணிமணியும் போகும். கம்மலை அடகு வைப்பார், வட்டி ஏறும், மூத்த பிள்ளையைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவார். உலக வங்கி 2016ல் வெளியிட்ட ஆய்வு இதையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி, இயற்கைப் பேரிடர்கள் மக்களின் நல்வாழ்வில் ஏற்படுத்தும் இழப்பு, சொத்துச் சேதத்தை மட்டும் எண்ணுவதைவிட 60 சதவீதம் அதிகம், வருடத்துக்கு 2.6 கோடிப் பேரை அவை வறுமைக்குள் தள்ளுகின்றன. ஒரு திட்டத்துக்குச் செலவு-பலன் அறிக்கை வந்தால் மொத்த லாபம் எவ்வளவு என்பதோடு, யார் தெருவுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஆற்றங்கரைவாசிகளை நகரத்துக்கு வெளியே தூக்கிப்போட்டுவிட்டு, பிழைப்பை இழந்த அவர்களுடைய நஷ்டத்தை எண்ணாமல் விட்டால் அந்தக் கணக்கே பொய்க்கணக்கு.

லாபம் என்று தெரிந்தும் ஏன் நடப்பதில்லை என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளைப் பேரிடர்ச் செலவுகளோடு ஒப்பிட்டு 2009ல் வெளியிட்டார்கள். நிவாரணம் கொடுத்த ஆட்சிக்கு ஓட்டு கூடியது. முன்னேற்பாட்டுக்குச் செலவழித்த ஆட்சிக்குக் கூடவில்லை. அவர்கள் கணக்குப்படி முன்னேற்பாட்டில் போட்ட ஒரு டாலர், பின்னால் வரும் சேதத்தில் 15 டாலரை மிச்சப்படுத்துகிறது. வராத வெள்ளத்தை யாரும் டி.வி.யில் காட்டுவதில்லை, தூர் வாரிய கால்வாய்க்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆக, ஆட்சியில் இருப்பவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்டால்தான் அவர்களுக்கும் இதில் அக்கறை வரும்.

கேட்க இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. நகரங்களில் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. புதிதாக என்ன கட்டப்போகிறீர்கள் என்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஏரிக்கும் வடிகாலுக்கும் இந்த வருடப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், வரத்துக்கால்வாயின் சர்வே எண் என்ன, அளந்து கல் நட்டாயிற்றா, தூர் வாரும் வேலை ஆவணிக்குள் முடியுமா என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி, மினிட் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.